சனிக்கிழமை ரயிலுக்கு ஒரு பேட்டரி

போன வியாழக்கிழமை காலை காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். டாஷ்போர்டு விளக்குகள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டன.

கார் ஸ்டார்ட் ஆகாதது ஒரு செய்தியா? எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கார்கள் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கின்றன. ஆனால் எங்கள் வீட்டில் அது தலைப்புச் செய்தி. ஏனென்றால் சனிக்கிழமை பிற்பகல் ரயிலில் எங்கள் மகன் சரவணன் சென்னையிலிருந்து வருகிறான். காரை விற்பதற்கென்றே வருகிறான்.

இந்தப் பத்தியை முதன்முறையாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி விஜயா குத்தாலத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். திருவிடைமருதூருக்கு வெளியே, வயலை மனை போட்டு 'நகர்' என்று பெயர் வைத்த ஓர் இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பழைய வெள்ளைக் காரும் இருக்கிறோம். சரவணன் சென்னையில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறான்.

கொஞ்ச காலமாக அவனிடமிருந்து ஒரே பாட்டு.

"கார் எதுக்குப்பா உங்களுக்கு? வித்துடுங்க. போன்ல தட்டுனா ஆட்டோ வந்துட்டுப் போவுது."

எங்கள் நகரில் போனைத் தட்டினால் போன்தான் உடையும். தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டால் "இதோ வந்துகிட்டே இருக்கேன் சார்" என்பார். எங்கிருந்து என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

ஆனால் என் கவலை ஆட்டோ இல்லை. கார் போனால் அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். "கார் இல்லாம ரெண்டு பேரும் அங்க எப்படி இருப்பீங்க?" என்று கேட்பான். காரை விற்கச் சொன்னவனேதான் கேட்பான். அதற்கடுத்து வீட்டுக்கு ஒரு நல்ல வாடகைதாரர் கிடைப்பார். அதற்கும் அடுத்து பன்னிரண்டாவது மாடி பால்கனியில் எங்களுக்கென்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்... ஊராரின் நிலத்தை அரசுக்கு எடுக்கிற நில ஆர்ஜிதத்தை ஒரு காலத்தில் நானே நடத்தியிருக்கிறேன். முதல் நோட்டீஸ் எப்போதும் பணிவாகத்தான் வரும்.

இதைச் சொல்லிப் போனில் ஒரு நாள் கத்தினேன். அவனும் கத்தினான். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம்.

"சரிப்பா. சனிக்கெழம நான் வர்றேன். அந்தக் காரை நீங்களே ஓட்டிக்கிட்டு கும்பகோணம் ஸ்டேஷனுக்கு வாங்க. வந்துட்டீங்கன்னா இனிமே இதப்பத்தி வாயே தொறக்க மாட்டேன். வரலேன்னா ஞாயித்துக்கெழம பார்ட்டி வந்து பாத்துட்டு எடுத்துக்குவாரு. சரியா?"

"சரி" என்றேன். பார்ட்டியை ஏற்கெனவே பேசி வைத்துவிட்டான் என்பது அதற்குப் பிறகுதான் மண்டையில் உறைத்தது.

*

பேட்டரி ஏன் செத்தது? நெல்லினால்.

சிரிக்காதீர்கள். குறுவை அறுவடை முடிந்தால் எங்கள் ஊரில் சிமெண்ட் ரோடு, ரோடாக இருக்காது. களமாகிவிடும். எதிர் வீட்டுக் கலியபெருமாளின் நெல்லில் ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் எங்கே கொண்டுபோய்க் காய வைப்பார்? வெயில் நன்றாக விழுகிற இடம் என் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரேதான்.

"தாசில்தார் சார், ரெண்டு நாள் மட்டும் விரிச்சுக்கிறேனுங்க" என்று கேட்டார்.

விரித்துக்கொள்ளுங்கள் என்றேன். மறுநாள் தூறல். படுதாவைப் போட்டு மூடினார்கள். அதற்கு மறுநாள் வெயில், பிரித்தார்கள். மறுபடி தூறல். இப்படி அந்த இரண்டு நாள் வளர்ந்துகொண்டே போனது. கொட்டிக் கிடக்கிற நெல்மேல் டயரை ஏற்றிப் போக எனக்கு மனம் வராது. நெல்லை அள்ளச் சொல்லவும் வாய் வராது. மழையில் நனைந்து முளைத்துப்போன நெல்லுக்கு நிவாரணம் கேட்டு வந்தவர்களின் முகங்களை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தவன் நான். கார் உள்ளேயே கிடந்தது. ஏற்கெனவே கிழடு தட்டிய பேட்டரி, சும்மா கிடந்தே உயிரை விட்டது. என்னைப் போன்றவர்களுக்கு டாக்டர்கள் சொல்கிற அதே காரணம்தான்.

வியாழக்கிழமை நான் பானெட்டைத் திறந்து நின்றதும் கலியபெருமாள் வந்துவிட்டார். குற்ற உணர்ச்சி.

"தள்ளிப் பாத்துருவமாங்க?"

"எங்க தள்றது? ரோட்டுலதான் ஒங்க நெல்லு கெடக்கே."

"அதுஞ் சரிதான்" என்று தலையைச் சொறிந்தார். "அப்ப ஒண்ணு பண்ணலாங்க. டிராக்டர் பேட்டரியிலேருந்து ஒரு வயரக் குடுத்தா குபீர்னு புடிச்சுக்கும்."

பிடித்துக்கொள்ளும். எனக்கும் தெரியும். ஆனால் ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருகும்போது? அங்கே டிராக்டருக்கு எங்கே போவேன்? மகன் முன்னால் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, ஸ்டேஷன் போர்ட்டர்கள் பின்னாலிருந்து தள்ள... அந்தக் காட்சியை நினைத்த உடனே முடிவு செய்துவிட்டேன். புதுப் பேட்டரி. அதையும் நானே மாட்டுவது.

*

வெள்ளிக்கிழமை பேருந்து ஏறி கும்பகோணம் போனேன். ஹாஜா பாயின் பேட்டரி கடை எனக்குப் பழக்கமான இடம்.

"வண்டியக் கொண்டாங்க சார், நிமிஷத்துல மாட்டிடலாம்" என்றார் ஹாஜா பாய்.

"வண்டி இங்க வர்ற மாதிரி இருந்தா நான் எதுக்குப் பாய் பஸ்ல வர்றேன்?"

"ஆமால்ல!" என்று சிரித்தார். "அப்ப வீட்டுக்கு ஆளு அனுப்பணும். மாட்டுற பய தரங்கம்பாடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கான். திங்கக்கெழம அனுப்பட்டுமா?"

"திங்கக்கெழம வண்டியே என்கிட்ட இருக்காது. குடுங்க, நானே மாட்டிக்கிறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "கனமா இருக்கும் சார்."

"பாத்துக்கறேன்."

பழைய பேட்டரியை எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்துப் போயிருந்தேன். பாசிட்டிவ் எந்தப் பக்கம், நெகட்டிவ் எந்தப் பக்கம், அடியில் பிடிக்கிற கிளாம்ப் எப்படி – எல்லாம். பக்கம் மாறின பேட்டரியை வாங்கிவந்துவிட்டு, வயர் எட்டவில்லை என்று மறுபடி கடைக்கு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். அதில் இரண்டு பேர் என் சொந்தக்காரர்கள். ஹாஜா பாய் மீட்டரை வைத்து வோல்ட் காட்டினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் கோப்பைப் படிப்பதுபோல நான் அதைக் குனிந்து படித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் பேட்டரி என் மடியில். சாய்க்கக் கூடாது. பக்கத்தில் இருந்தவர் மரியாதையாகக் கேட்டார்.

"இன்வெர்ட்டருங்களா?"

"கார்."

"கார் வச்சிருக்கீங்க... பஸ்ல வர்றீங்க?"

ஆடுதுறைக்காரராம். தொடர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். கூடத்தில் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் பேட்டரியை இறக்கினேன். இடுப்பு ஒரு வார்த்தை சொன்னது. நான் காதில் வாங்கவில்லை.

விஜயா பேட்டரியைச் சுற்றி வந்து பார்த்தாள். "வெள்ளிக்கெழம சாயந்தரம் வீட்டுக்கு வந்திருக்கு. ஒரு பொட்டு வைக்கவா?"

"வச்சுக்க" என்றேன். என் கவனம் பத்தாம் நம்பர் ஸ்பேனரில் இருந்தது. எந்த வீட்டிலும் மற்ற எல்லா ஸ்பேனரும் இருக்கும், பத்தாம் நம்பர் மட்டும் இருக்காது – கவனித்திருக்கிறீர்களா?

*

சனிக்கிழமை. காலைப் பலகாரம் முடிந்த உடனே வேலையைத் தொடங்கிவிட நினைத்தேன். ராகு காலம் போகட்டும் என்றாள் விஜயா. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் காரியம் கெட்டால் பழி ராகுமேல் விழுந்துவிடும். என் தரப்பு நியாயம் எடுபடாது. எனவே காத்திருந்தேன்.

வெளியே வந்தால், கேட்டுக்கு முன்னால் ரோடு காலியாக இருந்தது. கலியபெருமாளும் அவர் மனைவி மல்லிகாவும் பலகையால் நெல்லை அந்தப் பக்கமாகத் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு ஒங்க பக்கம் விரிக்கலங்க சார். தம்பி வர்றாப்லல்ல? காரு வெளிய வரணும்ல?"

"ஒங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்க போன்ல சத்தம் போட்டது பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுச்சுங்க" என்றார் மல்லிகா.

போனில் சரவணனின் செய்தி: 'விழுப்புரம் தாண்டியாச்சு. ஸ்டார்ட் ஆச்சா?'

பதில் போடவில்லை. விசாரணை நடக்கும்போது மனு வாங்குகிற வழக்கம் இல்லை.

பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் பிறகு. பலர் இதைக் குழப்பிக்கொள்வார்கள். குழப்பமே வேண்டாம். நெகட்டிவ் என்பது கல்யாணத்துக்குக் கடைசியாக வந்து முதல் பந்தியோடு கிளம்பிவிடுகிற உறவினர். அப்படி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆயுசுக்கும் மறக்காது. மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் கொஞ்சம் வழுக்கி பாடியில் பட்டால் போதும். தீபாவளி சீக்கிரம் வந்துவிடும்.

வாட்ச்சைக் கழற்றி வைத்தேன். மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன். அது கல்யாணத்தன்று போட்ட மோதிரம், விரல் இன்றைய விரல். வரவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டேன்.

பழைய பேட்டரி வெளியே வந்தது. வயர் முனைக் கிளாம்புகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சுடுதண்ணீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். நுரைத்தது. துடைத்தேன். காயவிட்டேன். இதையெல்லாம் செய்யாமல் புதுப் பேட்டரியை மாட்டுகிறவர்கள், வெள்ளை அடிக்காமல் கிரகப்பிரவேசம் செய்கிறவர்கள்.

கூடத்திலிருந்து புதுப் பேட்டரியைத் தூக்கிவந்தேன். உடம்பில் மூன்று குங்குமப் பொட்டு. இருக்கட்டும், பிளாஸ்டிக்குக்கு என்ன கெடுதல்? இறக்கி உட்கார வைத்து, அடியில் கிளாம்பைப் போட்டு முடுக்கினேன். சிவப்பு மூடியைக் கழற்றினேன். கறுப்பு மூடியையும் கழற்றினேன். உள்ளே இருந்த இரண்டு டெர்மினல் குமிழ்களின்மீதும் மஞ்சளாக ஏதோ மெல்லிசாகப் படிந்து காய்ந்திருந்தது. கம்பெனியில் தடவி அனுப்பிய கிரீஸ். டெர்மினல் பூக்காமல் இருக்க கிரீஸ் தடவுவார்கள், அதைத் துடைக்கக் கூடாது – இது எனக்குத் தெரியும். எனவே அது கெட்டுவிடாமல் பக்குவமாகக் கிளாம்பைப் போட்டேன். முதலில் பாசிட்டிவ். பிறகு நெகட்டிவ். முடுக்கினேன்.

உள்ளே போய் உட்கார்ந்து சாவியைத் திருகினேன்.

'டக்.'

விளக்குகள் எரிந்தன. ஹாரன் அடித்தது. எஞ்சின் மட்டும் அசையவில்லை. மறுபடி திருகினேன். டக். மறுபடி. டக், டக், டக்.

ரோட்டில் கலியபெருமாள் பலகையை நிறுத்திவிட்டார். விஜயா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

போன் அதிர்ந்தது. 'சிதம்பரம்.'

ஹாஜா பாயைக் கூப்பிட்டேன். "பாய், செத்த பேட்டரியக் குடுத்துட்டீங்க."

"சார்! ஒங்க கண்ணு முன்னாடி மீட்டர் வச்சுக் காட்டினேன்ல?"

"அப்ப ஏன் சுத்தமாட்டேங்குது?"

"கொண்டாங்க சார், பாக்கலாம்."

"கொண்டாங்க, கொண்டாங்கன்னா எதுல கொண்டாறது?" என்று கத்திவிட்டு வைத்தேன்.

ஸ்டார்ட்டர் மோட்டாரா? பத்து நாள் படுத்ததில் அதுவும் போய்விட்டதா? ஃபியூஸா? ஒவ்வொன்றாக யோசித்தேன். விளக்கு எரிகிறது, ஆகவே கரண்ட் வருகிறது. எஞ்சின் சுற்றவில்லை, ஆகவே போதுமான கரண்ட் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. மதகில் ஏதோ அடைத்திருக்கிறது. வாய்க்கால் நனைகிறதே தவிர வயலுக்குப் பாயவில்லை. எந்த மதகு?

அதற்குள் அடுத்த செய்தி வந்தது.

'ஆகலைன்னா பரவால்லப்பா. நான் ஆட்டோல வந்துடறேன். விடுங்க.'

விடுங்க! ஒரு வயதுக்கு மேல் நம் காதில் அதிகமாக விழுகிற சொல் இதுதான். பேங்க் கவுண்டரில், பந்தியில், வாட்ஸ்அப்பில் – கனிவாகத்தான் சொல்கிறார்கள். மூட்டையைத் தூக்கப் போனால் விடுங்க. பில் கட்டப் போனால் விடுங்க. ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்? ரிமோட்.

விடுவதாக இல்லை. இன்னும் நான்கைந்து தடவை, இழுத்துப் பிடித்துச் சாவியைத் திருகினேன். பிறகு இறங்கிவந்து பானெட்டுக்குள் தலையை விட்டேன்.

வாசனை வந்தது.

பானெட்டுக்குள்ளிருந்து பெட்ரோல் வாசனை வரலாம். ரப்பர் கருகுகிற வாசனை வரலாம். ஒருமுறை செத்த எலியின் வாசனைகூட வந்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் மகாலிங்க சுவாமி சந்நிதியில் நிற்பதுபோல, கமகமவென்று, சூடான சந்தன வாசனை வருமா?

கிளாம்பைத் தொட்டேன். சுட்டது. விரலை மூக்கருகே கொண்டுபோனேன்.

"விஜயா... இங்க வா."

வந்தாள்.

"பொட்டு எங்க எங்க வச்ச?"

"ஒடம்புல மூணு குங்குமம் வச்சேன்."

"அப்புறம்?"

"தலையில சந்தனம் வச்சேன்."

"தலையா? பேட்டரிக்கு ஏது தலை?"

"மேல ரெண்டு துருத்திக்கிட்டு இருக்கே? அதுதானே தலை? பொட்டு நெத்தியிலதானேங்க வைப்பாங்க, முட்டியிலயா வைப்பாங்க?"

"அதுக்கு மேல மூடி இருந்துச்சே?"

"மூடி மேல வச்சா நீங்க மூடியக் கழட்டித் தூக்கிப் போட்டுடுவீங்க. சந்தனம் அதோட போயிடும். அதான் மூடியத் தொறந்து, நல்லா கெட்டியா வச்சு, திருப்பி மூடிட்டேன்."

கணக்கு டீச்சர். ஒரு படியைக்கூட விடவில்லை.

ராத்திரி முழுக்கக் காய்ந்து இறுகிய சந்தனம், கிளாம்புக்கும் டெர்மினலுக்கும் நடுவில் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்து, கிரீஸ் என்று தீர்ப்புச் சொல்லி, பத்திரமாகப் பாதுகாத்தேன். ஒன்றும் தெரியாதவன் மாட்டியிருந்தால், 'இது என்ன அழுக்கு' என்று வேட்டி நுனியால் துடைத்துவிட்டுப் போயிருப்பான். தெரியாதவன் செய்கிற தப்பு உடனே கண்ணில் பட்டுவிடும். தெரிந்தவன் செய்கிற தப்புக்குத் தக்க காரணம் இருக்கும். அதனால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனாலும் கோபம் வந்தது. "புது மிக்சி வந்துச்சு, வைக்கல. இன்வெர்ட்டர் வந்துச்சு, வைக்கல. இதுக்கு மட்டும் என்ன திடீர் பக்தி?"

விஜயா என்னைப் பார்க்காமல் பேட்டரியைப் பார்த்துச் சொன்னாள்.

"மிக்சி ஓடலேன்னா அம்மியில அரைச்சுக்குவேன். இது ஓடலேன்னா நான் பன்னெண்டாவது மாடிக்குல்ல போகணும்."

இத்தனை நாள் போனில் நானும் மகனும்தான் சண்டை போட்டோம். அவள் நடுவில் வந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. 'எங்க இருந்தா என்ன' என்கிற ரகம் என்று நானாகவே எழுதிக்கொண்டேன். எதிர்த்தரப்பை மட்டும் விசாரித்துவிட்டு, என் தரப்பில் நின்றவளை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"சுடுதண்ணி கொண்டா. உப்புத்தாள் கொண்டா" என்றேன்.

ஓடினாள். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

போன் அதிர்ந்தது. சுடுதண்ணீரோடு வந்த அவளே எடுத்துப் பார்த்தாள். "ஏங்க, மாயவரம் வந்துடுச்சாம். கைக்கு எட்டுறதை மொதல்ல கழட்டுங்க."

"நெகட்டிவ்தான் மொதல்ல."

"ரயிலு கெளம்பிடுச்சுங்க!"

"ரயிலு கெளம்பினா என்ன, கப்பலே கெளம்பினாலும் நெகட்டிவ்தான் மொதல்ல."

கழற்றினேன். சந்தனத்தைச் சுடுதண்ணீர்த் துணியால் ஊற வைத்து, சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தேன். டெர்மினல் இரண்டும் பளபளவென்று வந்தன. கிளாம்பின் உட்புறமும் அப்படியே. பாசிட்டிவ். நெகட்டிவ். முடுக்கு.

சாவியைத் திருகினேன்.

குபீர்.

ஆஹா, அந்தச் சத்தம்! கலியபெருமாள் ரோட்டில் நின்று கைதட்டினார். மல்லிகா, "ஏறுங்கக்கா, ஏறுங்க" என்று விஜயாவைத் தள்ளினார். விஜயா சமையலறைக் கைத்துண்டோடு முன் சீட்டில் ஏறிவிட்டாள். வீட்டைப் பூட்டும் பொறுப்பை மல்லிகா ஏற்றுக்கொண்டார். நான் கறுத்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

கேட்டைத் தாண்டும்போது தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது. எங்கள் ஊரைத் தாண்டித்தான் கும்பகோணம். அந்த ரயில் எங்கள் ஊரில் நிற்காது.

"பாருங்க, நம்மளத் தாண்டிப் போறான்" என்றாள் விஜயா.

"போகட்டும். ரயில்தானே போகுது? அவன் எறங்கணும், படி ஏறணும், வெளிய வரணும், ஆட்டோக்காரன்கிட்ட பேரம் பேசணும். ஒம் புள்ள பேரம் பேசாம ஏறுவானா?"

"மாட்டான்" என்றாள் நம்பிக்கையோடு. நான் வளர்த்த விதத்தில் அவளுக்கு ஒரு நல்ல அம்சமாவது தென்பட்டதே.

வழியில் ஒரு டவுன் பஸ், ஒரு வைக்கோல் லாரி, ஒரு கல்யாண வேன். ஒழுங்காகத்தான் ஓட்டினேன். அவசரத்துக்காக விதியை மீறுகிற ஆள் நானில்லை. ஆனால் வைக்கோல் லாரியை முந்தியபோது விஜயா கண்ணை மூடிக்கொண்டதாகப் பிறகு சொன்னாள்.

ஸ்டேஷன் வாசல். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சரவணன் ஓர் ஆட்டோவில் பையை வைத்துவிட்டு, ஒரு காலை உள்ளே வைத்து, ஒரு காலை வெளியே வைத்து, டிரைவரிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தான்.

நான் பிரேக்கை அழுத்துவதற்குள் விஜயா கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"டேய் சரவணா! எறங்குடா கீழ!"

திரும்பிப் பார்த்தான். காரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான்.

ஆட்டோக்காரர், "என்ன சார், ஏறுறீங்களா இல்லியா?" என்றார்.

"அவங்க வந்துட்டாங்கண்ணே" என்று பையை எடுத்துக்கொண்டான். அருகில் வந்து குனிந்தான். "லேட்டுப்பா."

"ரயிலுக்குத்தான் லேட்டு. நீ இன்னும் போகலையே?"

"யாரு வந்து மாட்டுனது?"

"நாந்தான்."

"நானுந்தான்" என்றாள் விஜயா.

அவன் ஒருமுறை மூக்கை உறிஞ்சினான். "என்ன இது, காருக்குள்ள சந்தன வாசன?"

"அது பெரிய கத" என்றேன். எஞ்சினை அணைத்தேன். பையை டிக்கியில் வைத்தோம். இறங்கி நின்ற என் முன்னால் சரவணன் கையை நீட்டினான். அன்பாகத்தான்.

"சாவியக் குடுங்கப்பா. காலையிலேருந்து ரொம்ப அலைஞ்சிருப்பீங்க. நான் ஓட்டறேன். நீங்க விடுங்க."

காரை விற்கச் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு சுருக்கென்று இல்லை. பணியில் இருந்தபோது எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தாயிற்று. பட்டா பெயர் மாறுவதெல்லாம் கடைசியில்தான். அதற்கு ரொம்ப நாள் முன்பே, ஒரு சாதாரண மத்தியானத்தில், அசதியாக இருக்கிறது என்று ஒரு சாவி கை மாறியிருக்கும். அன்றைக்கு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் விஜயா முன்கதவைத் திறந்து இறங்கினாள்.

"அப்பா ஓட்டட்டும்டா. நீ பின்னாடி எங்கூட வந்து உக்காரு."

உட்கார்ந்தான். நான் என் சீட்டில் ஏறிச் சாவியைத் திருகினேன். முதல் திருகலிலேயே பிடித்தது. ஹாஜா பாய்க்கு மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் போனிலும் கேட்டேன். "சந்தனமா?" என்று சிரித்துச் சிரித்து இருமினார். "வாசன பேட்டரின்னு கடையில போர்டு வச்சிடறேன் சார்."

அது மறுநாள் கதை. சனிக்கிழமை, டவுனைத் தாண்டி வயல்வெளி ஆரம்பிக்கிற இடத்தில், பின் சீட்டில் சரவணனின் போன் அடித்தது. கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். அவனும் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். எடுத்தான்.

"ஆமாண்ணே, வந்துட்டேன்... இல்லண்ணே, நாளைக்கு வர வேணாம்... கார் குடுக்கறதா இல்ல." மறுமுனையில் பார்ட்டி ஏதோ கேட்டார். "இல்லல்ல, வேற பார்ட்டி எல்லாம் இல்லண்ணே. அப்பா ஓட்டிக்கிட்டு இருக்காரு."

ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆனாலும் ஒருமுறை ஹாரன் அடித்தேன்.